பாட்டின் வயது: கரிசல் வட்டாரமும் இணையத்தில் இலவச இசையும்

விருதுநகர் மாவட்டத்தில், அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே குண்டாற்றங்கரையில் அமைந்த திருச்சுழி, சுந்தரரின் தேவாரப் பதிகம் ஒன்றைப் பெற்ற தலமாகும். ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழமையுடைய அந்தப் பதிகத்தின் சொல்லுக்கு இன்று உரிமையாளர் எவரும் இல்லை. அதை அச்சிடவும், பாடவும், பாடியதைப் பதிந்து விற்கவும் யாரும் யாரிடமும் ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அதே பதிகத்தை ஓதுவார் ஒருவர் பாட, நிறுவனம் ஒன்று பத்தாண்டுக்கு முன் வெளியிட்ட ஒலிப்பதிவை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வதற்கு அந்த நிறுவனத்தின் இசைவு வேண்டும். இதே ஊரில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த ரமண மகரிஷி இயற்றிய அட்சரமணமாலையின் நிலையும் ஏறத்தாழ இதுதான். அவர் 1950 ஏப்ரலில் மறைந்தார். அவர் வாழ்நாளில் வெளியான படைப்புகளின் சொல் 2011 ஜனவரி 1 முதல் இந்தியாவில் பொதுச்சொத்தாகிவிட்டது. எனினும் அண்மைக் காலத்தில் பாடகர்கள் பலர் அதற்குத் தந்திருக்கும் குரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனி உரிமைக்கு உட்பட்டவை.

இணையத்தில் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் இசையைத் தேடுவோர் பெரும்பாலும் ‘இலவசம்’ என்ற சொல்லைத் தேடுபொறியில் இட்டுத் தொடங்குகின்றனர். அந்தச் சொல் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடங்களில் பல, புதிய திரைப்பாடல்களை உரிமையின்றிப் பரப்பி விளம்பரத்தில் பிழைக்கும் தளங்களே. தமிழ் இசையைப் பொறுத்தவரை உண்மையில் இலவசமானதைக் காட்டிக்கொடுப்பது ஆண்டுக் கணக்கு: பாட்டை எழுதியவர் மறைந்த ஆண்டு, மெட்டமைத்தவர் மறைந்த ஆண்டு, ஒலிப்பதிவு முதன்முதலில் வெளியான ஆண்டு. இந்த மூன்றையும் அறிந்தவர் எந்தத் தளத்திலும் தெளிவாகத் தேடலாம்; அறியாதவருக்கு நல்ல நோக்கத்துடன் நடத்தப்படும் தளம்கூடத் துணைசெய்யாது.

மூன்று ஆண்டுகள் தேவைப்படுவதற்குக் காரணம், கேட்பவருக்கு ஒன்றாகத் தோன்றும் பாட்டைச் சட்டம் மூன்றாகப் பிரித்துப் பார்ப்பதுதான். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி பாடலின் சொற்கள் இலக்கியப் படைப்பு; மெட்டு இசைப் படைப்பு; இசைப் படைப்பு என்பதன் இலக்கணத்திலேயே பாடப்படும் சொற்கள் அதில் சேரா என்று சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. இவ்விரண்டையும் பாடி, வாசித்து, தட்டிலோ நாடாவிலோ கோப்பிலோ நிலைநிறுத்துவது ஒலிப்பதிவு. முதல் இரண்டுக்கும் படைத்தவரின் வாழ்நாளும், அவர் மறைந்த ஆண்டை அடுத்து வரும் ஜனவரி தொடங்கி அறுபது ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டை அடுத்த ஜனவரி தொடங்கி அறுபது ஆண்டுகள் மட்டுமே. பாடியவர் எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்பது அங்கே கணக்கில் வராது. ஆகவே 1964இல் வெளியான ஒலிப்பதிவுகளின் உரிமைக் காலம் 2024 டிசம்பர் 31 அன்றும், 1965இல் வெளியானவற்றின் காலம் 2025 டிசம்பர் 31 அன்றும் முடிகிறது. இவற்றோடு, பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று தனியே ஒன்று உண்டு; அது நிகழ்த்திய ஆண்டை அடுத்து ஐம்பது ஆண்டுகள் நிற்கும். முன்பு ஐம்பதாக இருந்த பதிப்புரிமைக் காலம் அறுபதாக உயர்ந்தது 1992ஆம் ஆண்டுத் திருத்தத்தால். 1941இல் மறைந்த தாகூரின் எழுத்துகள் பொதுச்சொத்தாகும் தறுவாயில் இருந்ததே அதற்கு உடனடிக் காரணம். ஒரு வங்கக் கவிஞருக்காக நீட்டிய பத்தாண்டு, தமிழ் இசைத்தட்டுகளுக்கும் சேர்ந்தே நீண்டது.

சொல்லும் மெட்டும் ஒலியும் வெவ்வேறு கைகளில் இருக்கலாம் என்பதைத் தமிழ்நாடு கற்றுக்கொண்டது ஒரு பெரும் வழக்கின் வழியாகத்தான். அதன் நாயகர் பிறந்த எட்டயபுரம், அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலையில், இதே கரிசல் மண்ணில் இருக்கிறது. சுப்பிரமணிய பாரதி 1921 செப்டம்பரில் மறைந்தபோது அவருடைய பாடல்களுக்குச் சந்தை மதிப்பு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. கிராமபோன் தட்டும், 1931க்குப் பின் பேசும்படமும் வந்தபின் நிலைமை மாறியது. நூல்களின் உரிமை அவருடைய தம்பி விசுவநாதனிடம் இருக்க, பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை மட்டும் 1930களில் தனியே பிரிந்து ஒரு வணிகரிடம் விலைபோயிற்று. அவரிடமிருந்து அது 1940களில் ஏவி. மெய்யப்ப செட்டியாரிடம் வந்தது. மெய்யப்ப செட்டியாருக்கு இசைத்தட்டுத் தொழில் புதிதன்று. திரைப்படத்துக்கு வருவதற்கு முன்பே சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக ஓடியன் தட்டுகளை விற்றவர் அவர். ஒரு பாட்டை ஊசிமுனையில் ஒலிக்கச் செய்யும் உரிமைக்கு என்ன விலை என்பதை அந்நாளில் அவரைவிடத் துல்லியமாக அறிந்தவர் சிலரே இருந்திருப்பர்.

1947இல் வெளியான அவருடைய ‘நாம் இருவர்’ படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் நாடெங்கும் பரவின. மறு ஆண்டு டி. கே. எஸ். சகோதரர்கள் தம் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடல் ஒன்றைச் சேர்த்தபோது, உரிமை தம்மிடம் இருப்பதாக மெய்யப்ப செட்டியார் வழக்குத் தொடுத்தார். தேசத்தின் விடுதலையைப் பாடியவனின் பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி பெற வேண்டுமா என்ற கேள்வி அப்போதுதான் பொதுமக்களிடம் எழுந்தது. நாரண துரைக்கண்ணன் முதலான எழுத்தாளர்கள் பாரதி விடுதலைக் கழகம் என்ற பெயரில் ஒன்றுகூடி, பாடல்களை நாட்டுக்கு உடைமையாக்க வேண்டும் என்று இயக்கம் நடத்தினர். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு 1949இல் உரிமைகளை ஏற்றுக்கொண்டது. மெய்யப்ப செட்டியார் ஒலிப்பதிவு உரிமையை விலை பெறாமலே அரசிடம் ஒப்படைத்தார். 1955இல் அரசு தன்னிடமிருந்த உரிமையையும் விட்டுக்கொடுத்து, பாடல்களை யாரும் பயன்படுத்தலாம் என்று பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அன்றைய ஐம்பதாண்டுக் கணக்கில் பாரதியின் சொற்கள் 1971 முடியும்வரை ஒருவர் கைப்பொருளாகவே இருந்திருக்கும். பதினாறு ஆண்டுகள் முன்னதாக அவை பொதுவாயின. ஆ. இரா. வேங்கடாசலபதி இந்த வரலாற்றைத் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். ஒரு கவிஞரின் பாடல்களை அரசே வாங்கி மக்களுக்குக் கொடுத்த இந்நிகழ்வே, பின்னாளில் தமிழ்நாட்டரசு எழுத்தாளர் பலரின் நூல்களை வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை தந்து நாட்டுடைமையாக்கும் வழக்கத்துக்கு முன்மாதிரியாயிற்று.

ஆனால் நாட்டுடைமை என்பதன் எல்லையை இணையத்தில் பாட்டு தேடுவோர் பெரும்பாலும் தவறாகவே புரிந்துகொள்கின்றனர். பாரதியின் சொல் பொதுவானதால் ‘நாம் இருவர்’ பாடல்களை இறக்கிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை என்று எண்ணுவது இயல்பு. ஒலிப்பதிவும் 1947இல் வெளியானதால் 2008 முதல் கட்டற்றதே. இடையில் நிற்பது மெட்டு. படத்துக்கு இசையமைத்த ஆர். சுதர்சனம் 1991இல் மறைந்தார். அவர் அமைத்த மெட்டுக்கு உரிமைக் காலம் 2051 முடியும்வரை இருக்கிறது. 1944இல் வந்த ‘ஹரிதாஸ்’ இதற்கு மறுதலை. தியாகராஜ பாகவதரின் அந்த ஒலிப்பதிவுகள் 2005 முதல் காலம் கடந்தவை என்றாலும், பாடல்களை எழுதிய பாபநாசம் சிவன் 1973வரை வாழ்ந்தமையால் சொல்லின் உரிமை 2033 முடியும்வரை நீடிக்கிறது. பழைய படப்பாட்டுகள் எல்லாம் இலவசம் என்று பொதுப்படச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இவ்விரண்டுமே போதுமான சான்று. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், உடுமலை நாராயணகவி, மருதகாசி போன்ற பாடலாசிரியர்களின் படைப்புகள் நாட்டுடைமையானதும் திரைத்தட்டுகளைத் தானாக விடுவித்துவிடவில்லை. படத்துக்கென்று ஊதியம் பெற்று எழுதிய பாட்டின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்பது நெடுங்காலம் நிலவிய சட்டநிலை. அரசு பெறக்கூடியதோ வாரிசுகளின் கையில் எஞ்சியிருந்ததை மட்டுமே.

அப்படியானால் மூன்று உரிமைகளும் ஒருசேர அற்றுப்போன இசை எங்கே இருக்கிறது? அதற்கும் எட்டயபுரத்துக்கே திரும்ப வேண்டும். முத்துசுவாமி தீட்சிதர் தம் இறுதிக் காலத்தைக் கழித்து 1835இல் மறைந்தது எட்டயபுரத்தில். அவர் வழிவந்த சுப்பராம தீட்சிதர், அவருடைய கீர்த்தனைகளைச் சுரக்குறிப்புடன் தொகுத்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவில் அதே ஊர் அச்சகத்தில் 1904இல் வெளிவந்தது. தெலுங்கு எழுத்தில், கமகங்களுக்கென்று தனிக் குறிகளோடு அச்சான அந்தப் பெருநூலைத் தொகுத்தவர் 1906இல் மறைந்தார்; நூல் எல்லாவகையிலும் பொதுச்சொத்து. தன்னார்வலர்கள் அதை ரோமன் எழுத்துக்கு மாற்றி இணையத்தில் முழுமையாக வைத்திருக்கின்றனர். பஞ்சாலைகளும் நெசவும் வறண்ட கண்மாய்களுமாக அறியப்படும் ஒரு வட்டாரம் கருநாடக இசையின் அடிப்படைச் சுரநூல் ஒன்றை அச்சேற்றித் தந்தது என்பது அந்த வட்டாரத்தாருக்கே அவ்வளவாகத் தெரியாத செய்தி.

தீட்சிதர், 1847இல் மறைந்த தியாகராசர் ஆகியோரின் கீர்த்தனைகளுக்குச் சொல்லிலும் மெட்டிலும் உரிமை கோர எவரும் இல்லை. எனவே அவற்றைப் பாடியோ வாசித்தோ 1964 முடிவதற்குள் வெளியான தட்டுகள் இந்தியாவில் முற்றிலும் கட்டற்றவை. கால வரையறையை உறுதிசெய்யக் கலைஞரின் மறைவாண்டு ஒரு நல்ல கைப்பிடி. எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்தார். அவர் வாழ்நாளில் வெளிவந்த தட்டு எதுவாயினும் அதன் ஒலிப்பதிவு உரிமை 1993க்குள் முடிந்துவிட்டது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்தார். அவர் இருந்தபோது வெளியான நாகசுவரத் தட்டுகள் 2017 முதல் கட்டற்றவை. நாகசுவரத்தில் சொல்லே இல்லை, ராக ஆலாபனையில் பிறர் இயற்றிய மெட்டும் இல்லை என்பதால் தேடுவோரின் வேலை மேலும் எளிதாகிறது. அவருடைய மாணவரும் கோவில்பட்டியை இருப்பிடமாகக் கொண்டு கரிசல் ஊர்த் திருவிழாக்களில் வாசித்தவருமான காருகுறிச்சி அருணாசலம் 1964இல் மறைந்தார். அவர் வாழ்நாளில் தட்டாக வெளிவந்த கீர்த்தனைகளும் ஆலாபனைகளும் இன்று யாவர்க்கும் உரியவை. ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் தமிழர் நினைவுக்கு வருவது 1962இல் வெளியான ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்து அவர் வாசித்த பாட்டுதான். அதற்கு இசையமைத்த எஸ். எம். சுப்பையா நாயுடு 1979இல் மறைந்தமையால் மெட்டின் உரிமை 2039 முடியும்வரை இருக்கிறது. பெரும்புகழ் பெற்ற பாட்டு கட்டுண்டும், அதே கலைஞரின் ஆழ்ந்த வாசிப்பு கட்டற்றும் இருக்கும் இந்த நிலை தமிழ் இசையில் மீண்டும் மீண்டும் காணப்படுகிறது. பழைய இசையில் இலவசம் தேடுபவர் திரையிசையைவிட மரபிசையை நாடுவதே பயனுள்ளது என்று துணிந்து கூறலாம்.

மறைவாண்டை மட்டும் நம்புவதில் ஒரு சிக்கலும் உண்டு. பதிவு செய்தது கலைஞரின் வாழ்நாளில் என்றாலும் வெளியீடு அவர் மறைந்த பின் நிகழ்ந்திருக்கலாம். சட்டம் பார்ப்பது வெளியீட்டை. மேலும் பழைய தட்டுகளின் வட்டச்சீட்டில் பாடியவர் பெயரும் ராகமும் தாளமும் வரிசை எண்ணும் இருக்குமே தவிர ஆண்டு பெரும்பாலும் அச்சாகியிருக்காது. அரக்குத் தட்டு, நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுழற்சி, ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம் என்ற அடையாளங்களை வைத்து அது பழையது என்று முடிவுகட்டவும் இயலாது. இந்தியாவில் அத்தகைய தட்டுகள் 1960களின் நடுப்பகுதியிலும் வெளிவந்துகொண்டிருந்தன. ஆகவே ஆய்வாளர்கள் வரிசை எண்களை நிறுவனங்களின் மாதாந்தரப் பட்டியல்களோடும் விளம்பரங்களோடும் ஒப்பிட்டு ஆண்டைக் கணிக்கின்றனர். இந்த வேலைக்குத் தமிழில் உள்ள மிகச் சிறந்த துணை, தெருவில் காலணா அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள். நாடகப் பாட்டுகளும், பின்னர்ப் படப்பாட்டுகளும் அச்சான அந்த மெல்லிய நூல்களில் பதிப்பாண்டு இருப்பதுண்டு. சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில், செட்டிநாட்டுக் கோட்டையூரில் தனியொருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த தொகுப்பை மூலமாகக் கொண்டு, இத்தகைய நூல்களும் பல அச்சுப் பொருள்களும் பேணப்படுகின்றன. ஒலிக்கோப்பு ஒன்றின் உரிமைநிலையைத் தீர்மானிக்கும் சான்று ஒரு காகிதக் குப்பையாகக் கருதப்பட்ட நூலில் கிடைப்பது அரிதன்று.

ஒலிக்கோப்புகளைத் தேடும் இடங்களுள் முதலில் நிற்பது, அமெரிக்காவில் 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ். இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் பலர் தம் தட்டுகளை ஒலிக்கோப்பாக்கி அங்கே ஏற்றியிருக்கின்றனர். கணக்குத் தொடங்காமலே பெரும்பாலானவற்றை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அங்கே ஒரு கோப்பு ‘பொதுச்சொத்து’ என்று குறிக்கப்பட்டிருப்பது, ஏற்றியவர் அப்படிக் கருதினார் என்பதற்கு மேல் எதையும் நிறுவாது. 1980களின் ஒலிநாடாக்களும் அதே குறிப்போடு கிடக்கின்றன. லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகம், அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான தன் திட்டத்தின்வழி ஓடியன், யங் இந்தியா முத்திரைத் தட்டுகளை மும்பையின் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கத்தின் துணையோடு மின்னணுவாக்கியது. ஓடியன் தொகுப்பில் தென்னிந்தியப் பாடல்களும் உண்டு. தேவாரத்துக்குத் தருமபுர ஆதீனத்தின் தேவாரம் தளமும், சைவம் என்ற தளமும் பதிகந்தோறும் ஓதுவார்களின் குரலை வைத்திருக்கின்றன. திருச்சுழிப் பதிகத்தையும் இவ்வாறு கேட்கலாம். இத்தகைய தளங்கள் எல்லாவற்றிலும் கேட்க விடுவதும் இறக்கிக்கொள்ள விடுவதும் வெவ்வேறு இசைவுகள் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். தளமே இறக்கிக்கொள்ளும் பொத்தானை வைத்திருக்கும்போது அந்த இசைவு தெளிவு, இல்லாத இடத்தில் வேறு மென்பொருளால் பறித்துக்கொள்வது அத்துமீறலே. பாடல்களின் சொல் மட்டும் வேண்டுவோருக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், நாட்டுடைமை நூல்களை ஏற்றியுள்ள தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகமும் உள்ளன. சொந்தமாக மெட்டமைத்துப் பாடிப் பதிய விரும்புவோருக்கு இவற்றைவிடப் பெரிய களஞ்சியம் தமிழில் இல்லை.

சங்கீதப்ரியா என்ற தன்னார்வத் தளம் இவற்றிலிருந்து வேறுபட்டது. கச்சேரிகளில் ரசிகர்கள் பதிந்தவற்றையும் வானொலியிலிருந்து எடுத்தவற்றையும் அது பகிர்கிறது. விலைக்கு விற்கப்படும் பதிவுகளை ஏற்பதில்லை என்பது அதன் கொள்கை. நோக்கம் வணிகமன்று, கலைஞர்கள் பலர் அதை மனமுவந்தே பார்க்கின்றனர். எனினும் நிகழ்த்துநர் உரிமை ஐம்பது ஆண்டுகள் நீடிப்பதால், விற்பனைக்கு வராத கச்சேரியும் சட்டத்தின் கண்ணில் உரிமையற்றதாகிவிடாது. பொறுத்துக்கொள்ளப்படுவதும் அனுமதிக்கப்படுவதும் ஒன்றல்ல. கருநாடக இசை உலகம் இந்த இடைவெளியில்தான் நெடுங்காலமாக நிம்மதியாக இயங்கிவருகிறது.

பழைய தட்டுகளைப் பொறுத்தவரை நாடுகளுக்கு இடையிலான வேறுபாடு பெரிது. அமெரிக்கச் சட்டம் 1972க்கு முந்தைய ஒலிப்பதிவுகளுக்கு 2018இல் புதிய காலக்கெடுக்களை வகுத்தது. அதன்படி 1922 முடிவுவரை வெளியானவை 2022 ஜனவரி 1 அன்று பொதுச்சொத்தாயின, அதற்குப் பின்னர் வெளியானவை ஏறத்தாழ நூறாண்டும் அதற்கு மேலும் காக்கப்படுகின்றன. கிட்டப்பாவின் தட்டு திருச்சுழியில் கட்டற்றதாகவும் சிகாகோவில் உரிமைக்கு உட்பட்டதாகவும் இருப்பது இதனால்தான். பதிப்புரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியாக இயங்குவது; இந்தியாவில் இருந்தபடி நகலெடுப்பவரைக் கட்டுப்படுத்துவது இந்தியச் சட்டம். ஆனால் கோப்பை வைத்திருக்கும் நிறுவனம் அமெரிக்காவில் இருந்தால் அது அந்நாட்டுச் சட்டத்துக்கே அஞ்ச வேண்டும். எழுபத்தெட்டுச் சுழற்சித் தட்டுகளைப் பெருமளவில் மின்னணுவாக்கியதற்காக இன்டர்நெட் ஆர்க்கைவ் மீது யூனிவர்சல், சோனி உள்ளிட்ட இசை நிறுவனங்கள் 2023இல் வழக்குத் தொடுத்தன. 2025இல் அது சமரசத்தில் முடிந்தது. விக்கிப்பீடியாவுக்கான கோப்புக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்சும் தோன்றிய நாட்டிலும் அமெரிக்காவிலும் ஒருசேரக் கட்டற்றதாக உள்ளதையே ஏற்கிறது. அதனால் தமிழ் விக்கிப்பீடியாவில் கிட்டப்பாவைப் பற்றிப் படிப்பவர் அவர் குரலை அங்கேயே கேட்பது எளிதாக இல்லை. தமிழ்நாட்டிலேயே ஒரு பொது நிறுவனம், இந்தியச் சட்டப்படி காலம் கடந்த தட்டுகளை ஆண்டுச் சான்றோடு ஏற்றி வைத்தால் இந்தத் தடை நீங்கும்; நாட்டுடைமை நூல்களுக்குக் காட்டிய அக்கறையை அரசு ஒலிக்கு இதுவரை காட்டவில்லை என்பதே குறை.

காலம் கடந்தவை ஒருபுறம் இருக்க, உரிமையாளரே விரும்பி இலவசமாகத் தரும் புதிய இசையும் உண்டு. 2002 இறுதியில் வெளிவந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் இதற்கான பொது வடிவங்கள்: பெயர் சொல்லிப் பயன்படுத்துக, வணிகத்துக்குப் பயன்படுத்தற்க, மாற்றியமைக்கற்க, மாற்றினால் அதே உரிமத்தில் வெளியிடுக என்ற நிபந்தனைகளைப் பல சேர்க்கைகளாக்கித் தருகின்றன. உரிமையை முழுவதுமாகத் துறக்கவும் வழி இருக்கிறது. இந்தியச் சட்டமும் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பொது அறிவிப்பின் மூலமே உரிமையைக் கைவிட அனுமதிக்கிறது. ஃப்ரீ மியூசிக் ஆர்க்கைவ், ஜமெண்டோ போன்ற தளங்கள் இத்தகைய இசையைக் கொண்டவை. அவற்றில் தமிழ் இசை சொற்பம். குறும்படத்துக்குப் பின்னணி இசை தேடும் இளைஞருக்கு அவை போதும், பாட்டு கேட்க விரும்புபவருக்குப் போதா. சந்தா செலுத்தும் செயலிகள் ‘பதிவிறக்கம்’ என்ற பெயரில் தருவது சந்தா உள்ளவரை அந்தச் செயலிக்குள் மட்டும் ஒலிக்கும் நகல் என்பதால் இந்த ஆராய்ச்சிக்கு வெளியே நிற்கிறது.

ஒலிநாடாக் காலத்தில் பட்டியல் எழுதிக் கொடுத்தால் வெற்று நாடாவில் பாட்டு பதிந்து தந்த கடைகளும், பின்னர் நினைவட்டையில் நூற்றுக்கணக்கில் பாட்டு ஏற்றித் தந்த கைபேசிக் கடைகளும் அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் இசை பரவிய உண்மையான வழிகள். இவை இரண்டுமே சட்டத்துக்குப் புறம்பானவை என்ற உணர்வு வாங்கியவருக்கும் விற்றவருக்கும் பெரிதாக இருந்ததில்லை. சட்டமோ கடுமையானது: அறிந்தே உரிமையை மீறுவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டுவரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய்வரை தண்டமும் விதிக்க அது வழிவகுக்கிறது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளல் என்ற விதிவிலக்கு இருந்தாலும், உரிமையற்ற தளத்திலிருந்து முழுப் பாட்டையும் எடுத்துக்கொள்பவரை அது காக்கும் என்று நம்பியிருப்பது அறிவுடைமையாகாது. கோயில் திருவிழாவில் மைக்செட்காரர் குழாய் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவது மட்டும் வேறு கணக்கு. மெய்யான சமயச் சடங்கின்போதும், திருமண ஊர்வலம் உள்ளிட்ட திருமண நிகழ்ச்சிகளிலும் பாட்டை ஒலிக்கச் செய்வது மீறலாகாது என்று சட்டத்தின் 52ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது; திருமணங்களுக்குக் கட்டணம் கேட்கலாகாது என்று மத்திய அரசு 2023 ஜூலையில் பொது அறிவிப்பும் வெளியிட்டது. அந்த விலக்கு ஒலிக்கச் செய்வதற்கே உரியது. ஒலிக்கவிடும் கோப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அது விடை சொல்வதில்லை.

இந்த வட்டாரத்தின் கும்மியும், ஒயிலாட்டப் பாட்டும், தாலாட்டும், ஒப்பாரியும் ஆண்டுக் கணக்குக்கு அடங்காதவை. எழுதியவர் யாரென்று தெரியாத இப்பாடல்களின் சொல்லையும் மெட்டையும் யாரும் தனக்கென்று கோர முடியாது. நா. வானமாமலையின் தொகுப்புகளும், இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குகளுக்குச் செய்த பணியும் இவற்றின் சொல்லுலகத்தை அச்சில் காத்தன. ஒலி அந்த அளவுக்குக் காக்கப்படவில்லை. இன்று கைபேசி வைத்திருக்கும் எவரும் அந்தக் குறையை நிரப்பலாம். ஆனால் நடவிலோ முளைப்பாரித் திடலிலோ பாடும் பெண்களின் குரலைப் பதிந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இணையத்தில் ஏற்றுபவர், தன் ஒலிப்பதிவு உரிமையை மட்டுமே தானமாகத் தர முடியும். பாடியவரின் நிகழ்த்துநர் உரிமை பாடியவரிடமே இருக்கிறது. அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் 1982இல் இந்தியாவில் நிறுவிய இசை ஆவணக்காப்பகம் போன்ற இடங்களில், ஒப்படைக்கப்படும் ஒவ்வொரு தொகுப்பையும் யார் கேட்கலாம், யார் நகல் பெறலாம் என்பதை எழுத்தில் வரையறுத்தே வாங்குகின்றனர். வட்டாரப் பாடல்களைப் பதிவோருக்கும் அதே நடைமுறை பொருந்தும்: பாடியவரின் இசைவு, ஊர், பதிந்த நாள், எந்த உரிமத்தில் வெளியாகிறது என்பவற்றைக் கோப்போடு எழுதி வைத்தால், பழைய தட்டுகளின் ஆண்டைப் பாட்டுப் புத்தகங்களில் தேட நேர்ந்ததுபோல் இவற்றுக்குத் தேட நேராது.